நடுக்கடலில் வராத தனிமை ஆட்கள் நடுவில் ஏன் வருகிறது?

#1 முத்துநகர்_கடலோடி

சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் சொந்தபந்தம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நடுக்கடல்ல மாசக்கணக்கா எப்படிப்பா தனியா இருக்கே?" இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்த இழை.

ஒரு பெரிய கப்பலில் மொத்தமே இருபது, இருபத்தைந்து பேர்தான் இருப்போம். நம்மவர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், உக்ரைன்காரர்கள் என்று கலவையான கூட்டம். பசிபிக்கைக் கடக்கும்போது நாள் கணக்கில் வேறு கப்பலின் விளக்குகூடக் கண்ணில் படாது. நான் கேடட்டாக, அதாவது பயிற்சி ஊழியராக, சேர்ந்த காலத்தில் கப்பலில் இன்டர்நெட்டும் கிடையாது. துறைமுகத்தில் இறங்கி போன் கார்டு வாங்கினால்தான் அம்மா குரலைக் கேட்க முடியும். வீட்டு நினைப்பு நிறையவே வாட்டியது. ஆனாலும் எனக்கு யாருமில்லை என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. வாட்ச் (பணிமுறை) முடிந்து, சாப்பிடும் இடமான மெஸ் ரூமுக்குள் நுழைந்தால் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஹார்ட் டிஸ்க்கில் படம் போட்டிருப்பார்கள். பிலிப்பைன்ஸ் பையன்கள் கரோக்கே மைக்கை விடவே மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு கேப்டனிலிருந்து இன்ஜின் ரூம் துடைக்கும் வைப்பர் வரை வந்துவிடுவார்கள். பத்து மணி டீக்கும் மூன்று மணி டீக்கும் ஒருவன் வரவில்லை என்றால் இன்னொருவன் போய் கேபின் கதவைத் தட்டுவான்.

இப்போது பல கப்பல்களில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இன்டர்நெட் வந்துவிட்டது. 2022இல் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தைத் திருத்தி, கப்பல் ஊழியருக்கு முடிந்த அளவு இன்டர்நெட் வசதி தர வேண்டும் என்று சேர்த்தார்கள். 2024 டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. நல்ல விஷயம், நான் வரவேற்கிறேன். குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதை அப்பா கப்பலிலிருந்தே பார்க்கிறார். ஆனால் மெஸ் ரூம் காலியாகிவிட்டது. பையன்கள் தட்டைக் கேபினுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். போன காண்ட்ராக்டில் ஒரு கேடட், தினமும் அம்மாவிடம் வீடியோ காலில் பேசுகிற பையன், என்னிடம் வந்து "சார், இந்த ஷிப்ல எனக்கு யாருமே இல்ல சார்" என்று கண் கலங்கினான். அவன் கேபினுக்கும் என் கேபினுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவுதான்.

உடம்பால் விலகியிருப்பதற்கும் தனிமைக்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவு என்று நான் நினைக்கிறேன். உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

#2 சந்திரவட்டம்

அண்ணா, நீங்கள் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. 1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கியபோது மைக்கேல் காலின்ஸ் மட்டும் கொலம்பியா கலத்தில் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் மறுபக்கம் போகும்போது 48 நிமிடம் பூமியோடு ரேடியோ தொடர்பே இருக்காது. அந்த நிமிடங்களில் அவ்வளவு தனித்திருந்த மனிதர் வேறு யாருமில்லை. ஆனால் தனிமை தெரியவில்லை, மனம் நிறைவாகவும் உற்சாகமாகவுமே இருந்தது என்று அவர் பின்னால் எழுதினார்.

அவரை வாட்டிய பயம் வேறு. கீழே போன இருவரும் மேலே வர முடியாமல் போய், தான் மட்டும் திரும்ப வேண்டி வந்தால் என்ன செய்வது என்று மாதக்கணக்கில் மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார். நிலவுக்குப் பின்னால் ஒற்றை ஆளாக இருப்பது அவரைப் பயமுறுத்தவில்லை. கோடிக்கணக்கான பேர் காத்திருக்கும் பூமிக்கு ஒற்றை ஆளாக வந்து சேர்வதுதான் பயமுறுத்தியது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

#3 வைகைக்கரை_வழக்கறிஞர்

கடலோடி, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் "மிகக் குறைவு" என்று சொன்னதை என்னால் ஏற்க முடியாது. தொழில் காரணமாகச் சிறைக்குள் போய் வருகிறவன் நான். ஒருவனை உடைக்க அடிக்கவே வேண்டாம், மற்ற மனிதர்களிடமிருந்து பிரித்து வைத்தாலே போதும் என்பது அரசுகளுக்கு நெடுங்காலமாகத் தெரியும்.

1829இல் பிலடெல்பியாவில் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையைத் திறந்தார்கள். தனியறையில் அமைதியாக இருந்தால் கைதி மனம் திருந்துவான் என்று நல்லெண்ணத்தோடு கட்டிய சிறை அது. வெளியே அழைத்து வரும்போது முகத்தையும் மூடிவிடுவார்கள். 1842இல் அங்கே போய்ப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ், உடம்பை வதைப்பதைவிட இது கொடியது என்று எழுதினார். 1913இல் அந்த முறையைக் கைவிட்டார்கள். அதற்கு ஏழு வருடம் முன்புதான் அந்தமானில் செல்லுலார் சிறையை வெள்ளைக்காரர்கள் கட்டி முடித்திருந்தார்கள். நடுவில் கோபுரம், சுற்றிலும் ஏழு சிறகு. ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கிற மாதிரி அமைப்பு. ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள்.

நம் நாட்டில் தனிக்கொட்டடி இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 73, 74ஆம் பிரிவுகளாக இருந்தவை, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 11, 12 ஆகியிருக்கின்றன. மொத்தத்தில் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது, ஒரே தடவையில் 14 நாளுக்கு மேல் கூடாது. காலனி ஆட்சி 1860இல் எழுதிய சட்டமே இந்த ஒரு விஷயத்தில் அளவு பார்த்துத்தான் கை வைத்திருக்கிறது. தூக்குத் தண்டனை பெற்றவர் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தனியாக அடைக்க முடியாது என்று 1978இல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015இல் வந்த ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் இன்னும் தெளிவானவை. பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ அடைத்து வைப்பதுதான் தனிச்சிறை. அது 15 நாளைத் தாண்டக் கூடாது. சாப்பாட்டுத் தட்டைத் துவாரத்தின் வழியே தள்ளிவிட்டுப் போவது மனிதத் தொடர்பில் சேராது.

தனிக்கொட்டடியில் இருந்து வெளியே வந்த ஒருவரோடு பேசிப் பாருங்கள். கேள்வி கேட்டால் பதில் வரவே நேரமாகும். கண்ணைப் பார்க்க மாட்டார். அவரிடம் போய் இதெல்லாம் மனதைப் பொறுத்தது என்று யார் சொல்வது?

#4 பொதுநல_ஆய்வாளர்

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இந்தத் துறையில் இரண்டையும் தனித்தனியாகத்தான் அளப்பார்கள். யாரோடு வசிக்கிறீர்கள், மாதத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள், ஏதாவது சங்கத்தில் இருக்கிறீர்களா என்பதெல்லாம் ஒரு கணக்கு. "என்னைப் புரிந்தவர் எவரும் இல்லை என்று எத்தனை தடவை தோன்றுகிறது" என்று கேட்பது வேறு கணக்கு. ஒன்றில் அதிகம் வாங்குகிறவர் மற்றதிலும் அதிகம் வாங்குவார் என்று சொல்லவே முடியாது.

கடலோடி யோசிக்க வேண்டிய ஓர் ஆய்வு உண்டு. இங்கிலாந்தில் 52 வயதுக்கு மேற்பட்ட 6,500 பேரை 2004–05இல் தொடங்கி 2012 வரை தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2013இல் வெளியானது. வயது, ஏற்கெனவே இருந்த நோய் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது, ஆட்களோடு தொடர்பற்று இருந்தவர்களின் இறப்பு கூடுதலாகவே இருந்தது. தனிமையாக உணர்கிறேன் என்று சொன்னதற்கும் இறப்புக்கும் அப்படித் தனித்த தொடர்பு கிடைக்கவில்லை. அதாவது "எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்லும் ஒற்றை ஆளுக்கும் ஆபத்து உண்டு. காரணம் எளிது. நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டும், மாத்திரை தீர்ந்துவிட்டதே என்று கேட்க ஆள் வேண்டும். வேறு ஆய்வுகளில் தனிமை உணர்வுக்கும் இறப்புக்கும் தொடர்பு கிடைத்திருப்பதையும் சொல்லியாக வேண்டும். இது இன்னும் முடியாத வாதம்.

வழக்கறிஞருக்குத் துணையாகவும் ஒன்று. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 40 பேரைப் பத்து மணி நேரம் ஆளில்லாத அறையில், போனும் இல்லாமல் உட்கார வைத்தார்கள். வேறொரு நாள் அதே ஆட்களைப் பத்து மணி நேரம் பட்டினி போட்டார்கள். பிறகு மூளையை ஸ்கேன் செய்தபோது, பசித்தவர் உணவுப் படத்தைப் பார்க்கையில் மூளையின் எந்தப் பகுதி துடித்ததோ, தனித்திருந்தவர் நாலு பேர் சேர்ந்திருக்கும் படத்தைப் பார்க்கையில் அதே பகுதி துடித்தது. வெறும் பத்து மணி நேரம்தான்.

ஆனால் 2020 ஊரடங்கின்போது அமெரிக்காவில் ஒரே ஆட்களிடம் ஜனவரிக் கடைசி, மார்ச், ஏப்ரல் என்று மூன்று தடவை கேட்டுப் பார்த்ததில் தனிமை உணர்வு சராசரியாக ஏறவில்லை. மற்றவர்கள் துணையாக இருக்கிறார்கள் என்ற எண்ணம் கூடியிருந்தது. அடைபட்டது என்னவோ உண்மை. ஆனால் எல்லோரும் சேர்ந்து அடைபட்டிருந்தார்கள். ஏன் அடைபட்டிருக்கிறோம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

#5 அருணை_வாசி

பெரியவர்கள் காலங்காலமாகச் சொன்னதைத்தான் இங்கே ஆராய்ச்சி என்று சொல்கிறீர்கள். பகவான் ரமணர் 1896இல், 16 வயதில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்தார். 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையில் இருந்தார். தனித்திருப்பது மனத்தைப் பொறுத்தது, இடத்தைப் பொறுத்தது இல்லை என்பதுதான் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில். காட்டுக்குள் போய் உட்கார்ந்தாலும் மனம் சந்தையில் இருந்தால் என்ன பயன்? மனத்தை அடக்கியவனுக்குத் தனிமை எங்கிருந்து வரும்?

#6 நூற்பாலை_நிழல்

அருணை ஐயா, நானும் பகவானைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் திருவண்ணாமலைக் கோயிலின் நிலவறையான பாதாள லிங்கத்தின் இருட்டில் பூச்சி அரித்த உடம்போடு கிடந்தவரை வெளியே தூக்கி வந்தவர்கள் இருந்தார்கள் அல்லவா? பழனிசாமி வருடக்கணக்கில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாரே. மலையில் கீரை பறித்து வந்து சமைத்துக் கொடுத்த கீரைப்பாட்டியை எப்படி மறப்பது? அவர் யாரையும் தேடவில்லை, சரி. அவரைத் தேடி வர ஆட்கள் இருந்தார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியார், மாமனார், கொழுந்தனார் குடும்பம், குழந்தைகள் என்று எப்போதும் ஆள் நிறைந்திருக்கும். விடிந்ததிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். காபி எங்கே, துண்டு எங்கே, பால்காரருக்குக் காசு கொடுத்தாயா என்று. என்னிடம் பேசிய சொற்களை எண்ணினால் ஆயிரம் தேறும். எனக்காகப் பேசிய சொல் ஒன்றுகூடத் தேறாது. அந்த வீட்டில் நான் தனியாக இருப்பதாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? அம்மாவிடம் சொன்னபோது, "அத்தனை பேர் இருக்கிற வீட்ல உனக்கென்னடி குறை" என்றுதான் கேட்டாள்.

#7 வார்டு_அக்கா

அரசு மருத்துவமனையில் காசநோய் வார்டில் ரொம்ப வருஷம் வேலை பார்த்த செவிலியர் நான். வக்கீல் சாரும் கடலோடித் தம்பியும் பேசுகிறதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் டி.பி. வந்தால் ஊருக்கு வெளியே சானடோரியம்தான். தாம்பரம் சானடோரியம் 1928இல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்தது. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள சாப்பாடு, குடும்பத்திலிருந்து விலகல், இதுதான் வைத்தியம். அந்த நினைப்பை மாற்றியதே நம் சென்னைதான். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து ஒரு பரிசோதனை செய்தார்கள். நோயாளிகளில் பாதிப் பேருக்கு சானடோரியத்தில் ஒரு வருஷம் மருந்து. மீதிப் பேருக்கு அதே மருந்து, ஆனால் அவரவர் வீட்டில். வீடு என்றால் நெரிசலான ஒண்டுக்குடித்தனம், சாப்பாடும் போதாது. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பரிசோதனையை நடத்திய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் சேத்துப்பட்டில் இன்றும் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆனால் வார்டில் நான் பார்த்தது இந்தக் கதையின் மறுபாதி. நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாம் என்று விஞ்ஞானம் சொல்லிவிட்டது. வீடு அவரைச் சேர்த்துக்கொண்டதா? மருந்தை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்திலேயே மற்றவருக்குப் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இருமும்போது காற்று வழியாகப் பரவுகிற நோய் இது, தட்டு டம்ளர் வழியாகப் பரவாது. இதை நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். ஆறு மாச கோர்ஸ் முடிந்து, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. பேரக்குழந்தையைத் தூக்க விடமாட்டார்கள்.

ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும், மறுபரிசோதனைக்கு வரச் சொன்ன தேதிக்கு முந்தின நாளே வந்து வார்டு பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். "ஏம்மா இன்னிக்கே வந்தீங்க?" என்று கேட்டேன். "இங்க இருந்தப்ப எட்டு கட்டில், எட்டு பேரும் ராத்திரி வரைக்கும் பேசிக்கிட்டுக் கெடப்போம் சிஸ்டர். வீட்டுக்குப் போன பெறவுதான் எனக்கு யாரும் இல்லாமப் போச்சு" என்றார். வார்டில் அவரை ஊரிலிருந்து பிரித்து வைத்திருந்தோம். தனிமை வந்தது பத்துக்குப் பத்து அறையில், பெற்ற பிள்ளைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது.

2020இல் கொரோனா வந்த வீடுகளுக்குச் சென்னையில் தகரம் அடித்தார்களே, அதையும் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு முன்னால் தகரம் அடித்த அன்றே பக்கத்து மாடியிலிருந்து கயிறு கட்டிக் கூடையில் இட்லி இறக்கினார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் தகரத்தை எடுத்து மாதக்கணக்கான பிறகும் அந்த வீட்டுப் பிள்ளைகளை யாரும் விளையாட்டில் சேர்க்கவில்லை. தகரம் இரண்டு வீட்டுக்கும் ஒரே உயரம்தான்.

#8 வைகைக்கரை_வழக்கறிஞர்

வார்டு அக்கா எழுதியதைப் படித்ததும் கலாவ்பாபா நினைவுக்கு வந்தது. ஹவாயில் மொலோக்காய் தீவின் ஒரு மூலை, பின்னால் செங்குத்துப் பாறை, மற்றப் பக்கமெல்லாம் கடல். தொழுநோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க 1865இல் அந்நாட்டு மன்னர் சட்டம் போட்டார். 1866 முதல் 1969 வரை சுமார் 8,000 பேரை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். 1873இல் அங்கே வந்த பாதிரியார் டேமியன் அவர்களோடே வாழ்ந்து, அதே நோய் கண்டு 1889இல் இறந்தார்.

1969இல் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். யார் வேண்டுமானாலும் வெளியே போகலாம். பலர் போகவில்லை. அவர்களை அறிந்தவர்கள், மணந்தவர்கள், புதைத்தவர்கள் எல்லாம் அங்கேதான். பிரித்து வைத்த குற்றம் குற்றமே, அதை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். நம் நாட்டிலும் 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டத்தை 2016இல்தான் நீக்கினோம். ஆனால் தனிக்கொட்டடி மனிதனைச் சிதைக்கிறது, கலாவ்பாபா சிதைக்கவில்லை என்றால், பிரித்து வைப்பதிலேயே இரண்டு வகை இருக்கிறது. கூட்டமாகப் பிரித்து வைத்தால் மனிதர்கள் அங்கேயும் ஒரு ஊரைக் கட்டிக்கொள்கிறார்கள். ஒற்றை ஆளாகப் பிரித்து வைத்தால் கட்ட வழியே இல்லை. கடலோடியின் கப்பல் முதல் வகை. அதனால்தான் அவருக்கு அப்படித் தோன்றுகிறது.

#9 ஓய்வுபெற்ற_கணக்காசிரியர்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கோவையில் ஓர் அடுக்ககத்தில் வசிக்கிறேன். இருநூறு வீடுகளுக்குக் குறையாது. மனைவி காலமாகிவிட்டாள். மகன் டெக்ஸாஸில், மகள் பெங்களூரில். இருவரும் நல்ல பிள்ளைகள், தினமும் அழைக்கிறார்கள். "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா, வாக்கிங் போனீங்களா?" மூன்றுக்கும் "ஆச்சு" என்பேன். அப்புறம் இரண்டு பக்கமும் பேச ஒன்றும் இருக்காது.

ஆபத்து என்றால் அழுத்துவதற்குப் படுக்கை அருகே ஒரு மணி பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். அழுத்த முடியாத நிலையில் நான் கிடந்தால் எத்தனை மணி நேரத்தில் யாருக்குத் தெரியவரும் என்று சில இரவுகளில் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். பேப்பர் போடும் பையன் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போய்விடுவான். வேலைக்கார அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருவார்.

ஏதாவது சங்கத்தில் சேருங்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள் என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். இரண்டும் செய்கிறேன். பூங்காவில் எனக்கு நண்பர்கள் உண்டு, சிரித்துப் பேசுகிறேன். ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் திறந்து உள்ளே வந்தால், இன்று பூங்காவில் இன்னார் இன்னது சொன்னார் என்று சொல்வதற்கு ஆள் இல்லை. அவள் இருந்தவரை அன்றைய நாள் அவளிடம் சொன்ன பிறகுதான் முடியும். இப்போது எந்த நாளும் முடிவதில்லை.

#10 பொதுநல_ஆய்வாளர்

ஐயா, உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை. நீங்கள் எழுதியதை ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். தனிமையில் இரண்டு வகை என்றார். கூட்டாளிகள் இல்லாத தனிமை ஒன்று, மனதோடு ஒட்டிய ஒருவர் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது. துணையை இழந்தவரைக் கூட்டத்தில் கொண்டுபோய் விட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிற அரசுத் திட்டங்களும் முதியோர் மன்றங்களும் இதைத்தான் கவனிப்பதில்லை. புதிதாக ஓர் ஊருக்குக் குடிவந்த தம்பதிக்கும் இதே கணக்கு மறுபக்கமாக. ஒருவருக்கொருவர் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் ஊரில் நாலு பேர் தெரியாத குறையை அது நிரப்பாது.

உங்கள் இரவு நேரக் கணக்கு உங்களுடைய கவலை மட்டும் இல்லை, ஐயா. தனியே வசித்து வீட்டிலேயே இறந்து கிடந்தவர்களை ஜப்பான் காவல்துறை 2024ஆம் ஆண்டுக்கு எண்ணிப் பார்த்தது. 76,020 பேர். முக்கால்வாசிக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள். அங்கே 2021இல் தனிமைக்கென்றே அமைச்சர் ஒருவரை நியமித்தார்கள், 2024இல் தனிச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் 2018லேயே அமைச்சரை நியமித்தது. நம் நாட்டில் இதை யாருடைய வேலை என்றுகூட இன்னும் யாரும் சொல்லவில்லை.

#11 முத்துநகர்_கடலோடி

கணக்காசிரியர் ஐயாவுக்கு வணக்கம். "நாள் முடிவதில்லை" என்று நீங்கள் எழுதியதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். நான் கப்பலில் இருக்கும் மாதங்களில் தனக்கும் அப்படித்தான் என்றாள். போனில் தினமும் பேசுகிறோமே என்றேன். நீங்கள் பேசும்போது உங்களுக்கு வாட்ச் நேரம், எனக்கு சமையல் நேரம், அது எப்படி நாள் முடிப்பதாகும் என்றாள்.

வழக்கறிஞர் சொன்னதற்கு எங்கள் தொழிலிலேயே ஒரு சாட்சி உண்டு. எம்.வி. அமான் என்ற கப்பல். 2017இல் எகிப்தின் சூயஸ் பக்கத்தில் பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதி என்று பிடித்து வைத்தார்கள். சிரியாவைச் சேர்ந்த சீஃப் ஆபிசரை அந்தக் கப்பலுக்குச் சட்டப்படி காவலராக நீதிமன்றம் நியமித்துவிட்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். இவர் மட்டும் இறங்க முடியாது. கரண்ட் இல்லாத கப்பலில் ஒற்றை ஆள். 2020இல் புயலில் நங்கூரம் அறுந்து கரைக்குச் சில நூறு மீட்டர் தூரத்தில் தரைதட்டியது. அதன் பிறகு சில நாளுக்கு ஒரு முறை நீந்திப் போய்ச் சாப்பாடு வாங்கி, போனுக்கு சார்ஜ் ஏற்றி வருவார். அவருடைய சகோதரரும் கடலோடிதான். அவர் கப்பல் அந்த வழியாகக் கடந்து போகும்போது இருவரும் தூரத்திலிருந்து கையசைத்துக்கொள்வார்களாம். அங்கே இருக்கும்போதுதான் அம்மா இறந்த செய்தியும் வந்தது. 2021 ஏப்ரலில்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

கரை கண்ணுக்குத் தெரிகிறது, போனில் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனாலும் அந்த மனிதர் சிதைந்து போனார். ஏனென்றால் எப்போது முடியும் என்பது அவருக்குத் தெரியாது. எங்கள் காண்ட்ராக்டுக்கு ஒரு தேதி உண்டு, மாற்று ஆளாக ரிலீவர் வருவார் என்ற உறுதி உண்டு. 2020 கடைசியில் சுமார் 4,00,000 கடலோடிகள் காண்ட்ராக்ட் முடிந்தும் இறங்க முடியாமல் உலகம் முழுக்க மாட்டிக்கொண்டார்கள். நானும் அதில் ஒருவன். அதே கப்பல், அதே ஆட்கள், அதே மெஸ் ரூம். தேதி போன அன்றிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் போனது. எனவே என் கருத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: தானாகத் தேர்ந்ததா, முடிவுத் தேதி உண்டா, கூட இருப்பவன் கதவைத் தட்டுவானா, இந்த மூன்றும் இருந்தால் தூரத்தைத் தாங்கலாம். காலின்ஸுக்கு மூன்றும் இருந்தன.

#12 ஓய்வுபெற்ற_கணக்காசிரியர்

தம்பி, உங்கள் மூன்றில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி சொன்னது சரி. நீங்கள் ஊரில் இருக்கும்போதாவது அந்தம்மாவிடம் ராத்திரி அரை மணி நேரம் அவருடைய நாளைக் கேளுங்கள்.

எதிர் வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்க்கிறவர். காலை ஏழரைக்குள் என் வீட்டு வாசல் விளக்கு அணையாவிட்டால் மணி அடியுங்கள் என்று நேற்று அவரிடம் சொல்லி வைத்தேன். அவர் ஒரு சாவியும் வாங்கி வைத்துக்கொண்டார்.

#13 சிவகாசி_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் மகன் டெக் கேடட்டாக அடுத்த மாதம் முதல் கப்பல் ஏறப் போகிறான். அந்தக் கேடட் பையன் அழுததைப் படித்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. இவன் வீட்டிலேயே அதிகம் பேசாத பிள்ளை. கடலோடித் தம்பி, அவனுக்கு என்ன சொல்லி அனுப்பட்டும்? நான் தினமும் கூப்பிடலாமா, கூடாதா?

#14 முத்துநகர்_கடலோடி

அம்மா, தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் சாப்பாட்டு நேரத்திலும் டீ நேரத்திலும் வேண்டாம். கப்பல் நேரம் இடத்துக்கு இடம் மாறும். அவனையே கேட்டு, வாட்ச் முடிந்து, சாப்பிட்டு, குளித்த பிறகு ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நெட் இல்லாத நாளும் வரும், பயப்பட வேண்டாம்.

அவனிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். முதல் மாதம் ஒரு வேளைகூடக் கேபினில் சாப்பிடக் கூடாது, மெஸ்ஸில்தான். பேச வராவிட்டால் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வரட்டும், அதுவே போதும். ஓய்வு நேரத்தில் தூங்காதபோது கேபின் கதவைக் கொக்கியில் மாட்டித் திறந்தே வைக்கட்டும். நடமாடுகிறவன் எவனாவது எட்டிப் பார்ப்பான். சீஃப் குக்கோடு சிநேகமாக இருக்கட்டும், ஞாயிறு பிரியாணிக்கு வெங்காயம் உரிக்கப் போனால் கப்பலில் பாதிப் பேரைத் தெரிந்துவிடும். யாராவது தொடர்ந்து அவமானப்படுத்தினால் பொறுத்துப் போகாமல் சீஃப் ஆபிசரிடமோ கேப்டனிடமோ சொல்ல வேண்டும். அங்கேயும் சொல்ல முடியாவிட்டால் கடலோடிகளுக்கென்றே சீஃபேரர்ஹெல்ப் என்ற இலவச உதவி சேவை 24 மணி நேரமும் இருக்கிறது. ஏறுவதற்கு முன்னாலேயே எண்ணைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கே மனசு சரியில்லை என்றால் அரசின் டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

எந்தக் கப்பல், எந்தத் துறைமுகத்தில் ஏறுகிறான் என்று தெரிந்ததும் எனக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள். அந்தக் கப்பலில் நம் பக்கத்து ஆள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்கிறேன்.